சூரியன் பண்டிகையில் உன் கல்யாணம்

சவரி,

நீயும் ரீத்தாவும் ஏறிய ஜீப் தேயிலைக் காட்டு வளைவில் மறைந்ததும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அழப்போகிறாள் என்று நினைத்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளோ வாசல் படியில் உட்கார்ந்து முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அப்பாடி, முடிஞ்சிச்சு. எத்தன மாசமா நெஞ்சுல கல்லச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள், அடுப்புகூடப் பற்றவைக்காமல் மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மனசு லேசாக இருக்கிறது. கல்யாணக் கூட்டத்தில் உன்னிடம் நாலு வார்த்தை நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரீத்தாவும் படிக்கட்டும். உன்னோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் யாராவது வாங்கிப் படித்தாலும் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. எங்களைப் போலவே பிள்ளையோடு நாள் கிழமைக்காகச் சண்டை போட்டவர்கள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள்.

அந்தச் சண்டை ஆரம்பித்த கிறிஸ்துமஸை நீ மறந்திருக்க மாட்டாய். கோயம்புத்தூரில் சரித்திரப் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தாய். நான் பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை முடித்து வந்து, கோயில் சாவியை எடுத்துக்கொண்டு குடில் கட்டப் போயிருந்தேன். சின்னக்கானலில் நம் கோயிலுக்கு வருஷா வருஷம் குடில் கட்டுவது என் வேலை. கவாத்து வெட்டின தேயிலைக் குச்சியில் கூரை, ஓடைப் பாறையில் சுரண்டி எடுத்த பாசியில் தரை, மூங்கிலைப் பிளந்து காகிதம் ஒட்டின நட்சத்திரம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வருவாய். அன்றைக்கு நீ கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அப்பா, இது யாரோட பண்டிகைன்னு தெரியுமா?" என்று கேட்டாய். கேட்ட தொனியே சரியில்லை.

நீ சொன்னது எல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ரோமாபுரியில் குளிர்காலத்தில் பகல் குறுகிக் குறுகிக் கடைசியில் ஒரு நாள் திரும்பவும் நீளத் தொடங்குமாம். வெல்ல முடியாத சூரியன் பிறந்துவிட்டான் என்று அந்த ஊர்க்காரர்கள் டிசம்பர் இருபத்தைந்தில் விழா எடுத்தார்களாம். அதற்குச் சில நாள் முன்னால் சனிக் கடவுளுக்குத் திருநாள். விளக்கு ஏற்றுவதும், பரிசு கொடுப்பதும், எஜமான்கள் வேலைக்காரர்களுக்குப் பந்தி பரிமாறுவதும் அதில் உண்டாம். ஏசு பிறந்த தேதி வேதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நம் ஆட்கள் பின்னால் வந்து அந்தச் சூரியனுடைய நாளிலேயே பாலனைக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள் பௌர்ணமி நிலாவைப் பார்த்துத் தள்ளித் தள்ளி வருகிறது. நவம்பரில் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறோமே, அதுவும் வடக்கே ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போது செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று தீ மூட்டியவர்களின் வழக்கத்தோடு கலந்தது. "நம்ம காலண்டர்ல நம்முதுன்னு எதுப்பா இருக்கு?" என்று கேட்டாய். நான் கையிலிருந்த பாசியைக் குடிலில் பரப்பிவிட்டுக் கோயிலைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாதான் பதில் சொன்னாள். அவளுக்குப் பதில் இல்லாத கேள்வி எது? "ஏல சவரி, ஒன் சர்ட்டிபிகேட்டுல இருக்க தேதியிலயா நீ பொறந்த? நீ பொறந்தது நல்ல பனிக்காலம், கம்பளியச் சுத்தித் தொட்டில்ல போட்டோம். பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப ஹெட்மாஸ்டரு அவரு பாட்டுக்கு ஜூன் மாசம்னு போட்டுக்கிட்டாரு. எஸ்டேட்டுல இருக்க அத்தன புள்ளைகளுக்கும் ஜூன் மாசந்தான். அதுக்காக நீ எனக்குப் பொறக்கலன்னு ஆயிருமா?" நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "அம்மா, அந்தத் தேதிக்கு நாம குடில் கட்டிப் பூசை வைக்கலையே" என்றாய். நியாயமான பதில்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தாய் பார், அங்கேதான் அவள் முகம் சுருங்கிப் போயிற்று. நட்சத்திரம் பொய் என்று நீ சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டாள். முறுக்கைத் தொடாததை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீ வரவே இல்லை.

அந்த வருஷம் நான் சாமியாரிடம் போய் நின்றேன். மாசத்துக்கு இரண்டு ஞாயிறு மூணாறிலிருந்து ஜீப்பில் வருவாரே, பாலா ஊர்க்கார மலையாளி, அவரிடம்தான். மகன் இப்படிச் சொல்கிறான், சாமி ஒரு பதில் சொல்லித் தரவேண்டும் என்றேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அவன் சொல்றதுல பெரிய தப்பொண்ணும் இல்ல கேட்டோ" என்றார். எனக்குப் பகீரென்றது. "வேற கணக்குச் சொல்ற ஆளுங்களும் உண்டு. மார்ச் இருபத்தஞ்சு மாதாவுக்கு மங்கள வார்த்தை, கர்ப்பம் தரிச்ச நாள். அங்கிருந்து ஒன்பது மாசம் எண்ணினா டிசம்பர் இருபத்தஞ்சு. ரெண்டுல எது சரின்னு எனக்கு அறியில்லா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். உன்னை மடக்க ஆயுதம் வாங்கப் போனவன், இருந்த கத்தியையும் கொடுத்துவிட்டு வந்த கதையாயிற்று.

அதற்குப் பிறகு நான் தனியாக யோசித்தேன். இலை வாட்டும் மாடியில் யோசிக்க நிறைய நேரம் உண்டு. இலை தன்பாட்டுக்கு வாடிக்கொண்டிருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை சாயந்திரம் சிலுவைப்பாதை முடித்து மலை இறங்கும்போது அநேக வருஷங்களில் நமக்கு டார்ச் தேவைப்பட்டதே இல்லை. நிலா நன்றாக அடிக்கும். அது ஏன் என்று அத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை. அதே நாட்களில்தான் கீழே வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் ஆட்கள் பங்குனி உத்திரத்துக்குக் காவடி கட்டிக்கொண்டு பழனிக்குப் புறப்படுவார்கள். சில வருஷம் அவர்கள் அரோகரா போட்டுக்கொண்டு ஒரு பக்கம் இறங்க, நாம் ஒப்பாரிப் பாட்டோடு இன்னொரு பக்கம் ஏறுவோம். கங்காணி நடுவில் நின்று இரண்டு கூட்டத்துக்கும் வழி விடச் சொல்லிக் கத்துவார். ஒரே நிலாவுக்குத்தான் இரண்டு பேரும் கிளம்பினோம் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது கோபம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. நம் லயத்து வீட்டில் முன் அறைச் சுவரில் மாதா நிற்கிற மாடம் இருக்கிறதல்லவா, அதை நாம் கட்டவில்லை. நாம் குடிவருவதற்கு முன்னால் அந்த வீட்டில் வேலம்மாள் என்பவளின் குடும்பம் இருந்தது. அவர்கள் எஸ்டேட் வேலையை விட்டு வட்டவடைக்குப் பூண்டு போடப் போய்விட்டார்கள். கம்பெனி வீட்டை நமக்கு ஒதுக்கியபோது அந்த மாடத்தில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தது. உன் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடிப்பாள். மழைக்காலம் வந்தால் மஞ்சள் திரும்பவும் வெளியே தெரியும். ஒரு நாள் வேலம்மாள் யாரையோ பார்க்க வந்தவள், பழைய வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தாள். நேரே போய் மாடத்தின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே மாதா நிற்கிறாள். வேலம்மாள் நிமிர்ந்து பார்த்து, "நல்ல எடத்துலதான் வச்சிருக்கீக. நாங்க இருந்தப்பவும் இந்த மூலைதான் குளிரு இல்லாம இருக்கும்" என்றாள். உன் அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் பூண்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலியாகக் கிடந்த வீட்டுக்குள் குடிபோன மாதிரிதான் நம் ஆட்களும் அந்தப் பழைய நாட்களுக்குள் குடிபோயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. முந்தி இருந்தவர்கள் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியதும் இல்லை.

நான் இப்படிச் சமாதானமாகிக்கொண்டிருந்தபோதுதான் உன் கல்யாணப் பேச்சு வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்து, பக்கத்திலேயே சித்தூரில் நர்ஸாக இருந்த ரீத்தாவை நீயே பார்த்துப் பிடித்துப்போய், எங்களுக்கு எழுதினாய். நம் வேதக்காரப் பெண், நல்ல குடும்பம். நானும் உன் அம்மாவும் துள்ளிக் குதித்தோம். மீனாட்சிபுரத்தில் ரீத்தாவின் அப்பா இன்னாசி வீட்டுக்கு நாம் மூன்று பேரும் நாள் குறிக்கப் போனோம். தொழுவம் நிறையப் பால் மாடு, வாசல் நிறையச் சாணி மணம். "வாங்க வாங்க, மலை எறங்கி வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்று அந்த மனுஷன் காட்டிய அன்புக்கு ஒரு குறைவும் இல்லை. பேச்சு நாளுக்கு வந்ததும், "ஒரு நிமிசமுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போனார். உன் அம்மா கன்றுக்குட்டியைப் பார்க்கிற ஆசையில் பின்னாலேயே போனாள். அங்கே அவர் தவிட்டு டின்னுக்குள்ளிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மாட்டின் முதுகில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாராம். இவளைப் பார்த்ததும், "சம்பந்தியம்மா, மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று கெஞ்சினாராம். அவள் சொல்லவில்லை. சொல்லாமலே, அவர் திரும்பி வந்து வாயைத் திறந்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆவணியில வெச்சுக்கலாமுங்க. வளர்பிறையில தோதா நாளு இருக்குது" என்று அவர் சொன்னதும், "எதுக்கு ஆவணி வரைக்கும்? ஆடியிலயே வச்சிரலாம். செவ்வாய்க்கிழமை" என்றாய். இன்னாசிக்கு மோர் புரையேறிவிட்டது.

"ஆடியிலீங்களா? எங்கூட்டுல ஆடியில மாட்டக்கூட விக்க மாட்டமுங்க."

"நீங்க கிறிஸ்தவங்கதான?"

"கிறிஸ்தவங்கதானுங்க. கிறிஸ்தவங்கன்னா எங்கூட்டு மேல ஆடிக் காத்து அடிக்காமப் போயிருமுங்களா?"

நான் வாய்க்குள் சிரித்தேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "பஞ்சாங்கம் தப்புன்னா கோயில் காலண்டரும் தப்பு. ரெண்டும் சூரியனையும் நிலாவையும் கும்பிட்டவங்க போட்ட கணக்கு. அத விடணும்னா இதையும் விடணும். நான் ரெண்டையும் விட்டுட்டேன். ஆடிச் செவ்வாய்க்கு ஒத்துக்கிட்டா கல்யாணம். இல்லாட்டி வேண்டாம்" என்று எழுந்து செருப்பை மாட்டினாய். இன்னாசியின் முகம் செத்துப்போயிற்று. உள் கதவுக்குப் பின்னால் ரீத்தாவின் புடவை ஓரம் தெரிந்தது. அது அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். பொள்ளாச்சி பஸ்ஸில் நீ எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாய்.

அந்த ஆடியும் போயிற்று, ஆவணியும் போயிற்று. அந்த மழைக்காலம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு நாளுக்காக ஒரு பொண்ண விட்டுருவானா இவன்?" என்று என்னைக் கேட்பாள், நான்தான் விட்டவன் என்பது போல. எனக்குள் இருந்த பயம் வேறு. நீ சொல்வதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தப்பே சொல்லாமல், எல்லாரையும் விட்டுவிட்டு, ஒரு அறையில் புத்தகங்களோடு தனியாகக் கிழவனாகிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். அப்படிச் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. லீவில் வீட்டுக்கு வந்திருந்தாய். உனக்கு முன்னால் பிறந்து, காய்ச்சலில் போன உன் அக்காவின் கல்லறைக்கு உன் அம்மா மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நீயும் கூடவே வந்தாய். ஆனால் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூணாறிலிருந்து வந்த ஜீப் நின்று, அதிலிருந்து ரீத்தா இறங்கினாள். பின்னால் இன்னாசி, தலையில் துண்டோடு, மலைக் குளிரில் பல் தந்தியடிக்க. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லி, அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். உன்னை ஒரு தடவை பார்த்தாள். நேரே உள்ளே வந்து, "இது ஆருதுங்க அத்தை?" என்று கேட்டாள். உன் அம்மா சொன்னாள். அவள் குனிந்து ஒரு மெழுகுவத்தியை வாங்கிப் பற்றவைத்துக் கல்லில் நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் கேட்டுக்கு வந்து உன் எதிரில் நின்றாள்.

"நாளுன்னு ஒண்ணுமே இல்லீங்கறீங்க, சரி. அப்பறம் ஏனுங்க அந்த ஒரு நாளையே புடிச்சுத் தொங்கறீங்க?"

நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய்.

"இருங்க, நான் பேசிக்கறேன். எங்கப்பா ஆடி வேண்டவே வேண்டாங்கறாரு. நீங்க ஆடிதான் வேணுங்கறீங்க. ரெண்டு பேரும் ஆடியத்தான் கும்புட்டுட்டு இருக்கறீங்க. அவரு பயந்துட்டுக் கும்புடறாரு, நீங்க கோவத்துல கும்புடறீங்க. எனக்கு ஒரு நாளு வேணுங்க. எதா இருந்தாலுஞ் சரி. அன்னைக்கு ஆரையும் தோக்கடிக்கோணும்னு இல்லாம வந்து எம்பக்கத்துல நிக்கோணும். முடியுமுங்களா? முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, ஜீப்பு நிக்குது."

இன்னாசி துண்டை வாயில் வைத்து மூடிக்கொண்டார். அவரையும் சேர்த்து வாங்கிவிட்டாளே. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டைத் திறந்து உள்ளே வந்தாய். நீ மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஏற்று என்று யாரும் சொல்லவும் இல்லை. தூறலில் அந்தச் சுடர் படபடத்துக்கொண்டிருந்தது. நீ குடையை அதன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டே நின்றாய். உன் அம்மா என் கையைக் கிள்ளினாள். வலித்தது. அந்த வலியில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

வீட்டுக்கு வந்து சூடாகப் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே நாள் பார்த்தோம். அதைப்போல ஒரு கூத்து எங்கும் நடந்திருக்காது. சாமியாரிடம் கேட்டால் திருவருகைக் காலத்தில் கல்யாணம் வேண்டாம் என்பார். அது டிசம்பர். அதை ஒட்டி மார்கழி, இன்னாசிக்கு ஆகாது. மாசி தள்ளினால் தவக்காலம் வந்துவிடும். லயத்து ஆட்கள் எல்லாரும் வரவேண்டுமென்றால் எஸ்டேட் லீவு நாளாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் கழித்துக் கட்டினால் மிஞ்சியது தைப் பொங்கல். "தை ஒண்ணா? தங்கமான நாளுங்க!" என்று இன்னாசி எழுந்தே விட்டார். உடனே முகம் வாடி, "அடுத்த நாளு மாட்டுப் பொங்கலுங்களே. நான் இல்லாட்டி மாடுகளுக்கு ஆரு கொம்புக்குச் சாயம் பூசுவாங்க? அதுக்குப் பின்னாலயே வனத்து அந்தோணியார் திருநாளு. மாடுகளக் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போய்த் தீர்த்தம் தெளிக்கோணும்" என்றார். ஒரே வாரத்தில் ஒரே மாட்டுக்கு இரண்டு மதத்திலும் பண்டிகை கொண்டாடுகிற மனுஷனை நீ அதுவரைக்கும் புத்தகத்தில் படித்திருக்க மாட்டாய். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் அவரை ஜீப்பில் ஏற்றிவிடுவதாக ஒத்துக்கொண்டோம்.

அப்போதுதான் நீ சிரித்தாய். "அப்பா, பொங்கலும் சூரியன் பண்டிகைதான். சூரியன் வடக்க திரும்புற நாள். ரோமாபுரிக்காரன் டிசம்பர்ல கொண்டாடினதும் அதேதான். எதுலருந்து தப்பிச்சு ஓடினேனோ அங்கயே கொண்டுவந்து நிறுத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அம்மா சந்தடி சாக்கில் முறுக்குத் தட்டை நீட்டினாள். பேசிக்கொண்டே எடுத்துத் தின்றாய். நீ கவனிக்கவில்லை, அவள் உள்ளே போய் அழுதாள்.

கல்யாணத்தன்று நடந்ததை நீயே பார்த்தாய், நான் என்ன சொல்ல. லயத்து வாசல்களில் பானை வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் சாமியார் தாலியை மந்திரித்துக்கொண்டிருக்கும்போது வெளியே யார் வீட்டுப் பானையோ பொங்கி, பிள்ளைகள் போட்ட கூச்சல் உள்ளே வரைக்கும் கேட்டது. சாமியார் ஒரு நிமிஷம் நிறுத்தினார். "பொங்கட்டும், நல்லதல்லே" என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார். கோயிலே சிரித்தது.

இனி உங்கள் வீடு உங்கள் பாடு. டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுவதா, ஆடியில் புதுத் துணி எடுப்பதா என்பதில் நான் தலையிட மாட்டேன். படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. பண்டிகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதால் ஒரு பண்டிகையும் கெட்டுப்போகாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ சொல்வது சரியாக இருக்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசு. தப்பாக இருக்கும்போது எல்லாரும் தானாகவே தாழ்த்திக்கொள்கிறோம். ரீத்தாவிடம் ஜெயிக்கிற பேச்சு உனக்கு எதற்கு? வருகிற கிறிஸ்துமஸுக்கு வா. பூசைக்கு வர மனசில்லை என்றால் சாப்பாட்டுக்கு வா. கோயில் சாவி என்னிடம் இருக்கிறது. உன் பெயரைக் கூப்பிட்டு யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

உன் ரோமாபுரிக்காரர்களைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். பகல் குறைந்துகொண்டே வரும்போது அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும். சூரியன் திரும்பாவிட்டால் பயிர் என்னாகும், வீட்டில் இருப்பவர்கள் என்னாவார்கள் என்ற பயம். பறிகொடுக்க எதுவும் இல்லாதவன் நல்ல நாள் பார்க்க மாட்டான். இது எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்ததில்லை. கல்யாணத்தன்று காலையில் உன்னிடமிருந்து கிடைத்தது.

கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். நீ வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி பின்தங்கி நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாய்: "அப்பா, இன்னைக்கு ராகுகாலம் எப்ப?" நான் உன்னை ஏற இறங்கப் பார்த்தேன். உன் காது சிவந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்ல, அதான்" என்றாய். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் மகன் எங்கேயும் போய்விடவில்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறுதியாயிற்று. தோளில் கை வைத்து, "அதெல்லாம் அப்பவே போயிருச்சுய்யா, தைரியமா நட" என்றேன். நீயும் மூச்சை விட்டுவிட்டு நடந்தாய்.

ராகுகாலம் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இன்று வரை தெரியாது, சவரி.

இப்படிக்கு,
உன் அப்பா